பல்பு முதலில், டிம்மர் அப்புறம்

கேள்வி: எங்கள் ஹாலில் 60 வாட் குண்டு பல்புகள் ஆறு இருந்தன. ஆறும் ஒரே டிம்மர் சுவிட்சில் பல வருடங்கள் குறையில்லாமல் எரிந்தன. போன மாதம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 9 வாட் எல்இடி பல்புகள் போட்டோம். அன்றிலிருந்து தொல்லைதான். குமிழைப் பாதிக்குக் கீழே திருப்பினால் விளக்குகள் துடிக்கின்றன. ஒரு பல்பு மற்றவற்றுக்கு முன்பாகவே அணைந்துவிடுகிறது. சுவிட்சிலிருந்து இரைச்சல் வருகிறது. அணைத்த பிறகும் இருட்டில் பல்புகள் லேசாக மினுங்குகின்றன. டிம்மரின் பின்பக்கம் ‘60–400 வாட்’ என்று இருக்கிறது. பல்பு அட்டையில் டிம்மர் பற்றி ஒன்றும் இல்லை. “400 வாட் தாங்குவதற்கு 54 வாட் எம்மாத்திரம், பல்புதான் மட்டம்” என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். ஃபேன் ரெகுலேட்டரையே மாட்டிவிடலாம் என்கிறார் இன்னொருவர். கண் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அப்பாவுக்குப் பளீர் வெளிச்சம் ஒத்துக்கொள்வதில்லை. அவருடைய அறையில் கூரை ஓரமாக ஒட்டியிருக்கும் 24 வோல்ட் எல்இடி ஸ்டிரிப்பையும் மங்கலாக்க வேண்டும். பழுது எதில்? எந்த டிம்மர் வாங்குவது?

பதில்: உங்கள் பல்பிலும் பழுதில்லை, டிம்மரிலும் பழுதில்லை. இரண்டுக்கும் ஜோடி சேரவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு வேலையை இன்றைக்கே செய்யுங்கள். அட்டையில் ‘டிம்மபிள்’ என்ற சொல்லோ டிம்மர் குறியோ இல்லாத எல்இடி பல்பை, டிம்மருக்கு ஆகாத பல்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குமிழை முழுதாகத் திருப்பி வைத்துக்கொண்டாலும்கூட அதை டிம்மர் இணைப்பில் எரியவிடக் கூடாது. உள்ளே இருக்கும் சர்க்யூட் சூடேறிச் சீக்கிரமே போய்விடும். அந்த ஆறையும் கழற்றி, சாதாரண சுவிட்ச் உள்ள இடங்களில் போடுங்கள். அங்கே ஒழுங்காக எரியும், காசு வீணாகாது.

ஏன் சேரவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் கடையில் யார் என்ன சொன்னாலும் நீங்களே தீர்மானிக்கலாம்.

குழாயைத் திருகித் தண்ணீரைக் குறைப்பதுபோல டிம்மர் மின்சாரத்தைக் குறைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது குறைப்பதில்லை, வெட்டுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு வினாடிக்கு 100 அரை அலைகள் வருகின்றன. ஒவ்வொன்றும் 10 மில்லிவினாடி நீளம். உங்களிடம் இருக்கும் பழைய வகை டிம்மர், ஒவ்வொரு அரை அலை தொடங்கும்போதும் வழியை அடைத்துவைத்து, கொஞ்சம் பொறுத்துத் திறந்துவிடும். பாதி நேரம் பொறுத்தால் பாதி அலைதான் பல்புக்குப் போய்ச் சேரும். அலையின் முன்பகுதியை வெட்டுவதால் இதற்கு ‘லீடிங் எட்ஜ்’ என்று பெயர். வழியைத் திறக்கும் சிறிய பொருள் டிரையாக்.

குண்டு பல்புக்கு இந்த வெட்டு ஒரு பொருட்டே இல்லை. அதற்குள் இருப்பது கொதிக்கக் கொதிக்கச் சிவந்த கம்பி; சில மில்லிவினாடி மின்சாரம் வராமல் போனால் ஆறிவிடாது. அடுத்த அரை அலை வரும்வரை தன் சூட்டிலேயே எரிந்துகொண்டிருக்கும். 1959-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஜோயல் ஸ்பைரா வீட்டுக்கான எலக்ட்ரானிக் டிம்மரை வடிவமைத்தபோது எதிரே இருந்தது இந்தக் கம்பிதான். டிம்மரின் எல்லாக் குறைகளையும் அந்தச் சூடு மூடி மறைத்துவிட்டது.

எல்இடி சில்லுக்கு அப்படிப்பட்ட சூட்டு ஞாபகம் கிடையாது. மின்சாரம் நின்ற கணமே வெளிச்சமும் நின்றுவிடும். அதனால் பல்பின் கழுத்துக்குள் ஒரு சின்ன சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். அதுதான் டிரைவர். வரும் அலையை நேர்மின்சாரமாக்கி, இடைவெளிகளை நிரப்பி, சில்லுக்குச் சீரான மின்னோட்டத்தைக் கொடுப்பது அதன் வேலை. சாதாரண டிரைவர் ஒன்றில் கண்ணும் கருத்துமாக இருக்கும்: வெளியே வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே வெளிச்சம் மாறக் கூடாது. நீங்கள் டிம்மரைத் திருப்பி அலையை வெட்டுகிறீர்கள். அதுவோ ‘வோல்டேஜ் குறைகிறது, இன்னும் இழுக்க வேண்டும்’ என்று எடுத்துக்கொண்டு இழுக்கிறது. ஒரு கட்டத்துக்குக் கீழே முடியாமல் விட்டுவிடுகிறது, மறுபடி எழுகிறது, மறுபடி விழுகிறது. நீங்கள் காணும் துடிப்பு இதுதான். எந்தக் கட்டத்தில் விட்டுவிடும் என்பது பல்புக்குப் பல்பு நூலளவு மாறும். அதனால்தான் ஆறில் ஒன்று முந்திக்கொண்டு அணைகிறது.

‘டிம்மபிள்’ என்று போட்ட பல்பின் டிரைவர் இன்னும் கொஞ்சம் விவரமானது. அலை எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்று அளந்து பார்த்து, அதற்கேற்பச் சில்லின் மின்னோட்டத்தைக் குறைக்கும். டிரையாக் பாதியில் மூடிக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் மின்சாரத்தைக் கூடுதலாக இழுத்துப் பிடித்திருக்கும் அமைப்பும் பலவற்றில் உண்டு. ஒரு முறை வெளியே ஒரே மாதிரி தெரிந்த இரண்டு பல்புகளின் மூடியை நெம்பி எடுத்துப் பார்த்தேன். டிம்மபிள் பல்பின் கழுத்துக்குள் தனிப் பலகை, அதில் செப்புக்கம்பி சுற்றிய காயில், மருந்து மாத்திரை அளவில் இரண்டு கப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேர்த்துவைக்கும் பொருட்கள்), ஒரு ஐசி. மற்றதில் கழுத்து காலி. சில்லுகள் ஒட்டிய அதே வட்டத் தகட்டின் ஓரத்தில் நாலைந்து பொடிப் பொருட்கள், அவ்வளவுதான். இரண்டும் நன்றாக எரியக்கூடிய பல்புகளே. ஆனால் டிம்மரோடு பேசத் தெரிந்தது ஒன்றுதான்.

சரி, டிம்மபிள் பல்பு வாங்கிவிட்டால் பழைய டிம்மரையே வைத்துக்கொள்ளலாமா? உங்கள் விஷயத்தில் கூடாது. உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்ன கணக்கு குண்டு பல்புக்குச் சரி, எல்இடிக்குச் சரிவராது. அனுபவம் உள்ளவர்களும் தவறுகிற இடம் இது.

முதலில் கீழ் எண்ணைப் பாருங்கள். ‘60–400 வாட்’ என்றால் 60 வாட்டாவது சுமை இருந்தால்தான் இந்த டிம்மர் ஒழுங்காக நடக்கும் என்று பொருள். டிரையாக் ஒரு தடவை திறந்தால், அதன் வழியாகக் குறிப்பிட்ட அளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் திறந்திருக்கும். மின்னோட்டம் அதற்குக் கீழே போனால் தானாக மூடிக்கொள்ளும். ஆறு குண்டு பல்புகள் 360 வாட் இழுத்தன, பிரச்சினையே இல்லை. உங்கள் ஆறு எல்இடியும் முழு வெளிச்சத்திலேயே 54 வாட்தான். மங்கலாக்கினால் இன்னும் குறையும். டிரையாக்கால் தன்னைத் திறந்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது மேல் எண். 400 வாட் என்பது குண்டு பல்புக்கான கணக்கு. எல்இடி டிரைவரின் வாசலில் ஒரு கப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. லீடிங் எட்ஜ் டிம்மர் அலையின் நடுவில், வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று திறந்தால், காலியாக இருக்கும் அந்தக் கப்பாசிட்டர் ஒரே இழுப்பில் நிரம்பப் பார்க்கும். சராசரி 9 வாட்தான். ஆனால் அந்த ஒரு கணத்து இழுப்பு பல மடங்கு. வினாடிக்கு 100 தடவை இந்த இடி விழுகிறது. டிம்மருக்குள் இருக்கும் காயில் அதிர்ந்து இரைவது இதனால்தான். அதனால் எல்இடிக்கென்று தனி அளவு எழுதாத பழைய டிரையாக் டிம்மரில், எழுதியிருக்கும் வாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எல்இடி சுமை ஏற்றுவதில்லை என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பாதுகாப்புக் கணக்கு. 400-இல் பத்தில் ஒன்று 40. உங்களுடையது 54.

ஆக, உங்கள் டிம்மருக்கு இந்தச் சுமை ஒரு பக்கம் போதவில்லை, இன்னொரு பக்கம் அதிகம். ஒரே நேரத்தில் இரண்டும். இன்னும் பெரிய டிம்மர், 600 வாட், 1000 வாட் என்று போனால் மேல் எண் சரியாகும், கீழ் எண் இன்னும் கெடும். பல்பு துடிக்கிறது என்று வருபவரிடம் ‘பெரிய டிம்மர் போடுங்கள்’ என்று சொல்லி அனுப்புவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. போட்ட பிறகு முன்னைவிட மோசமாகத் துடிக்கும். அவர்களும் எல்இடியே சரியில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

எல்இடிக்குப் பெரும்பாலும் ஒத்துப்போவது ‘டிரெய்லிங் எட்ஜ்’ டிம்மர். இது அலையின் முன்பகுதியை விட்டுவிட்டுப் பின்பகுதியை வெட்டும். அலை சுழியத்திலிருந்து மெதுவாக ஏறும்போது வழி திறந்திருக்கும், கப்பாசிட்டர் பதற்றமில்லாமல் நிரம்பும், அப்புறம் வேண்டிய இடத்தில் டிம்மர் மூடிக்கொள்ளும். இதில் டிரையாக் இல்லை, டிரான்சிஸ்டர்கள். தன்னைத் திறந்து வைத்துக்கொள்ள மின்னோட்டத்தை எதிர்பார்ப்பதில்லை. அதனால் இரைச்சல் குறைவு, கீழ் எண்ணும் சிறியது. 5 வாட், 10 வாட் சுமையிலேயே நன்றாக நடப்பவை கிடைக்கின்றன. ‘யுனிவர்சல்’ என்று வருபவை இரண்டு முறையிலும் வெட்டக்கூடியவை. சுமையைப் பார்த்துத் தானாகத் தேர்ந்துகொள்ளும், அல்லது ஒரு பொத்தானால் நாம் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வீட்டில் எங்காவது இரும்பு உள்ளகம் கொண்ட பழைய டிரான்ஸ்ஃபார்மரில் 12 வோல்ட் ஹாலஜன் விளக்குகள் இருந்தால், அங்கே டிரெய்லிங் எட்ஜ் போடக் கூடாது. காயிலில் ஓடும் மின்னோட்டத்தை நடுவழியில் துண்டித்தால் வோல்டேஜ் எகிறும். அதற்கு லீடிங் எட்ஜ்தான்.

அதற்காக எல்லா எல்இடிக்கும் டிரெய்லிங் எட்ஜ்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். சில பல்புகளை லீடிங் எட்ஜுக்கென்றே செய்திருக்கிறார்கள். அவை அதில்தான் நன்றாக மங்கும். அதனால் நான் யாருக்கும் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் பல்பைத் தேர்ந்தெடுங்கள். அந்த நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பல்பின் மாடல் எண்ணுக்கு எதிரே, எந்தெந்த டிம்மர்களோடு சோதித்தார்கள், ஒரு டிம்மரில் குறைந்தது எத்தனை பல்பு, அதிகபட்சம் எத்தனை பல்பு என்ற அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். டிம்மர் நிறுவனங்களும் இதேபோல அட்டவணை வெளியிடுகின்றன. இரண்டில் ஏதாவது ஒன்றில் உங்கள் ஜோடி இருந்தால் போதும், பாதிக் கவலை விட்டது. எந்த அட்டவணையும் வெளியிடாத பல்பு ‘டிம்மபிள்’ என்று எழுதியிருந்தாலும், ஆறு பல்பு போடுகிற இடத்துக்கு நான் அதை எடுக்கமாட்டேன்.

உங்கள் ஹாலுக்கான எண்களைப் பார்ப்போம். அட்டையில் ‘60 வாட்டுக்கு இணையானது’ என்று பெரிதாக இருக்கும். அது வெளிச்ச ஒப்பீடு, கூட்ட வேண்டியது அதை அல்ல. சிறிய எழுத்தில் உள்ள உண்மையான வாட்டைக் கூட்டுங்கள். புதிதாக வாங்கும் டிம்மபிள் பல்பும் 9 வாட் என்றால் ஆறுக்கு 54. டிம்மரில் எல்இடிக்கென்று தனியாக ஒரு அளவு அச்சிட்டிருக்க வேண்டும். 400 வாட் குண்டு பல்பு தாங்குவதாகச் சொல்லும் டிம்மரே எல்இடி என்றால் 100, 150 என்று இறக்கிச் சொல்லும். இரண்டாவது எண்தான் உங்களுடையது. எல்இடிக்கு 100 வாட்டோ அதற்குச் சற்று மேலோ, கீழ் எண் 10 வாட்டோ அதற்குள்ளோ இருக்கும் டிரெய்லிங் எட்ஜ் அல்லது யுனிவர்சல் டிம்மர் உங்களுக்குப் பொருந்தும். ஒரே பாக்ஸில் இரண்டு மூன்று டிம்மர்கள் பக்கம் பக்கமாக உட்காரப் போகின்றன என்றால் சூடு வெளியேற வழி குறையும். அப்போது ஒவ்வொன்றின் அளவையும் குறைத்தே கணக்கிட வேண்டும். எவ்வளவு என்பது டிம்மரோடு வரும் தாளில் இருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்தது, அணைத்த பிறகும் மினுங்குவது. இரண்டே வயரில் இயங்கும் எலக்ட்ரானிக் டிம்மர்கள் தங்களை உயிரோடு வைத்துக்கொள்ளப் பல்பு வழியாகத் துளி மின்சாரத்தைக் கசியவிடுவது உண்டு. குண்டு பல்பில் அந்தத் துளி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எல்இடி அதைச் சேர்த்துவைத்து மினுங்கிக் காட்டிவிடும். சுவிட்சில் சின்னக் குறிவிளக்கு இருந்தாலும் இதே கதைதான். சில வீடுகளில் வயர்கள் நெடுந்தூரம் ஒன்றையொன்று ஒட்டி ஓடுவதாலும் இப்படி ஆகும். இதற்குச் சரியான வழி, சுவிட்ச் பாக்ஸுக்கே நியூட்ரல் வயர் வந்திருந்தால், நியூட்ரல் இணைக்கும் வகை டிம்மரை வாங்குவது. அது தன் தேவையை நேரடியாக எடுத்துக்கொள்ளும், பல்பை நம்பியிருக்காது. நியூட்ரல் வரவில்லையென்றால், டிம்மர் நிறுவனமே தரும் ‘பைபாஸ்’ என்னும் சிறு பொருளைப் பல்புக்கு இணையாகக் கூரைப் பக்கத்தில் இணைக்கலாம்.

ஆனால் மினுங்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை முதலில் இல்லையென்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஃபேஸில் இருக்க வேண்டிய சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் இணைக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். பல்பு மாற்றப் போகிறவர் கையை வைத்தால் ஆபத்து. உங்கள் எலக்ட்ரீஷியனை வரவழைத்து இதை மட்டும் உடனே பார்க்கச் சொல்லுங்கள். டிம்மரே இல்லாத வீட்டிலும் பார்த்துவைக்க வேண்டிய விஷயம் இது.

அப்பாவுக்காக எவ்வளவு மங்கலாக வேண்டும் என்பதையும் யோசியுங்கள். பல்பு அட்டையில் ‘10 சதவீதம் வரை மங்கும்’ என்று இருந்தால், இருட்டாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. நம் கண்மணி விரிந்துகொடுக்கும். கருவி 10 சதவீதம் என்று காட்டும் வெளிச்சம் நமக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். கருவிக்கு 25 என்றால் நமக்குப் பாதி. நமக்குப் பத்தில் ஒரு பங்காகத் தெரிய வேண்டுமானால் உண்மையில் 1 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஹாலில் டிவி பார்க்க, பேசிக்கொண்டிருக்க 10 சதவீதப் பல்பு போதும். இரவு முழுவதும் அப்பா எழுந்து நடக்க வழிகாட்டும் வெளிச்சம் வேண்டுமென்றால், ஆறு பல்பை 1 சதவீதத்துக்கு இறக்கப் பாடுபடுவதைவிட, சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன இரவு விளக்கைத் தனி சுவிட்சில் வைப்பது நல்லது. கண்ணில் நேராக அடிக்காது, தரை தெரியும், துடிப்புக்கும் வேலையில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குண்டு பல்பை மங்கலாக்கினால் அந்தி வெளிச்சம்போலச் சிவந்துகொண்டே போகும். சாதாரண எல்இடி அப்படி மாறாது. 2700 கெல்வின் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிற அளவு; எண் குறையக் குறைய மஞ்சள், சிவப்புப் பக்கம் போகும்) என்றால் மங்கினாலும் அதே நிறம்தான், பழகிய கண்ணுக்குக் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். பழைய சிவப்பு வேண்டுமென்றால் ‘வார்ம் டிம்’ என்று கேட்டு வாங்குங்கள். மங்க மங்க 1800 கெல்வின் பக்கம் இறங்குபவை அவற்றில் உண்டு. அப்பாவின் கண்ணுக்கு இது இதமாக இருக்கும் என்பது என் எண்ணம். 6500 கெல்வின் வெள்ளைப் பல்பை எவ்வளவு மங்கலாக்கினாலும் அந்த இதம் வராது.

ஃபேன் ரெகுலேட்டர் வேண்டவே வேண்டாம். படிப்படியாகத் திருப்பும் ரெகுலேட்டரில் இருப்பது கப்பாசிட்டர்கள், மோட்டாரின் வேகத்துக்காகக் கணக்கிட்டவை. வழுவழுவென்று திருப்பும் வகை டிரையாக்கில் இயங்குவது. அதுவும் ஃபேனுக்காகச் செய்ததுதான். இரண்டுமே எல்இடி டிரைவருக்கு ஆகாது. மறுதலையும் உண்மை: விளக்கு டிம்மரில் ஃபேனை மாட்டக் கூடாது. ஸ்மார்ட் பல்பு வாங்கும் எண்ணம் இருந்தாலும் அதை டிம்மரில் போடாதீர்கள். அதற்குள்ளேயே மங்கலாக்கும் வசதி இருக்கிறது, அதற்கு முழு மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இனி அப்பாவின் அறை ஸ்டிரிப். இங்கே கணக்கே வேறு. ஸ்டிரிப்புக்கும் மெயின் மின்சாரத்துக்கும் நடுவில் கூரைக்கு மேலே ஒரு டிரைவர் பெட்டி படுத்திருக்கும். சுவரில் டிம்மரைப் போடுவதாக இருந்தால் அது மங்கலாக்கப் போவது ஸ்டிரிப்பை அல்ல, அந்தப் பெட்டியை. பெட்டியின் மேல் டிம்மபிள் என்றோ, எந்த வகை டிம்மர் என்றோ எழுதியிருக்காவிட்டால் சுவர் டிம்மர் அதற்கு ஆகாது. இரண்டு வழி இருக்கிறது. டிம்மபிள் டிரைவராக மாற்றி, அதற்குப் பொருந்தும் சுவர் டிம்மர் போடுவது ஒன்று. இருக்கும் டிரைவரை அப்படியே சாதாரண சுவிட்சில் விட்டுவிட்டு, டிரைவருக்கும் ஸ்டிரிப்புக்கும் நடுவில் 24 வோல்ட் பக்கத்தில் ‘பிடபிள்யூஎம்’ டிம்மர் ஒன்றைச் சேர்ப்பது இன்னொன்று.

உங்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஸ்டிரிப்புக்கு என்றும் 24 வோல்ட்தான் போகும். ஆனால் வினாடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும். மெயின் அலையை வெட்டும் பிரச்சினையே இதில் எழாது, மிகக் கீழே வரை வழுக்கிக்கொண்டு இறங்கும், ரிமோட்டோடு வருபவை இருப்பதால் அப்பா படுத்தபடியே மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது திறந்து மூடும் வேகம் எவ்வளவு ஹெர்ட்ஸ் என்று கேளுங்கள். அது அதிகமாக இருந்தால் கண்ணுக்கு நல்லது. விளக்கின் துடிப்பு பற்றி ஐஇஇஇ என்னும் பொறியாளர் அமைப்பு வெளியிட்ட ‘1789’ என்னும் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரையும் அப்படித்தான் போகிறது: 100 ஹெர்ட்ஸில் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் குறைந்த ஆபத்து என்று வைத்து, வேகம் கூடக் கூட வரம்பைத் தளர்த்துகிறது. கண்ணுக்குத் தெரியாத துடிப்பும் சிலருக்குத் தலைவலியையும் கண் களைப்பையும் தரும். அறுவை சிகிச்சை செய்த கண்ணுக்காக இதில் ஒரு படி உயர்ந்த பொருளை எடுப்பதில் தப்பில்லை. அளவு விஷயத்தில், ஒரு மீட்டருக்கு 10 வாட் ஸ்டிரிப் 5 மீட்டர் என்றால் 50 வாட். டிரைவருக்கு ஐந்தில் ஒரு பங்காவது கூடுதல் திராணி இருக்கட்டும். நடுவில் சேர்க்கும் டிம்மரும் அந்த ஆம்பியரைத் தாங்க வேண்டும். 50 வாட்டை 24 வோல்ட்டால் வகுத்தால் 2 ஆம்பியருக்குச் சற்று மேல் வரும்.

ஹாலுக்கு வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். ஒரு பல்பை மட்டும் போட்டுப் பார்ப்பது பத்தாது. ஆறும் சேர்ந்த சுமையில்தான் உண்மை தெரியும். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கி, ஒரு மாலை நேரம் அதற்கென்று உட்காருங்கள். முழு வெளிச்சத்திலிருந்து மெதுவாகக் கடைசிவரை இறக்குங்கள். எங்காவது படிபோலச் சட்டென்று குதிக்கிறதா? குறைந்த நிலையில் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அதே நிலையில் அணைத்து மறுபடி போடுங்கள். ஆறும் ஒன்றாக எழ வேண்டும். வாஷிங் மெஷினோ மோட்டாரோ ஓடும்போது விளக்கு நடுங்குகிறதா என்று கவனியுங்கள். அறையை அமைதியாக்கிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோங்கள். மொபைலில் ஸ்லோ மோஷன் வைத்து விளக்கைப் படம்பிடித்தால் கண்ணுக்குத் தப்பிய துடிப்பு பட்டை பட்டையாகத் தெரியும்.

கடைசிக் கொஞ்சத்தில் மட்டும் துடித்தால் உடனே டிம்மரைக் குறை சொல்லாதீர்கள். எல்இடி டிம்மர்கள் பலவற்றில் குறைந்தபட்ச நிலையைச் சரிசெய்யச் சிறு திருகோ, பொத்தானை அழுத்தி அமைக்கும் முறையோ இருக்கும். பல்பு துடிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே அதை நிறுத்திவிட்டால் குமிழின் பயணம் முழுதும் பயன்படும். இந்த ஒரு திருகைத் தொடாமலேயே நல்ல டிம்மரைத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆறும் ஒரே நிறுவனம், ஒரே மாடல், முடிந்தால் ஒரே சமயத்தில் வாங்கியவையாக இருக்கட்டும். அதோடு இரண்டு பல்பு கூடுதலாக எடுத்துவையுங்கள். பெயரும் அட்டையும் மாறாமலே உள்ளே இருக்கும் டிரைவர் மாறிவிடுவது உண்டு. எட்டு விளக்குகள் உள்ள ஒரு கூடத்தில், போன ஒன்றுக்குப் பதிலாக அதே பெயரில் வாங்கிய புதுப் பல்பு மட்டும் கீழ் நிலையில் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர்கள் வேறோர் அறையில் மாட்டியிருந்த பழைய பல்பைக் கொண்டுவந்து போட்டதும் அடங்கியது.

மாட்டும் வேலை எலக்ட்ரீஷியனுடையதாகவே இருக்கட்டும். எம்சிபியை இறக்கி, கரண்ட் இல்லையென்று சோதித்துவிட்டே அவர் பாக்ஸைத் திறக்க வேண்டும். டிம்மரில் அணைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது. பல்பு மாற்றும்போதும் எம்சிபியையே இறக்குங்கள். ஹாலுக்கு இரண்டு வாசலில் இரண்டு சுவிட்சுகள் இருந்தால் ஒரு பக்கம் மட்டும் டிம்மர், மறுபக்கம் சாதாரண டூ வே சுவிட்ச். இரண்டு பக்கமும் மங்கலாக்க வேண்டுமென்றால் அதற்கென்றே ஜோடியாக வருபவற்றைத்தான் வாங்க வேண்டும். இரண்டு தனித்தனி டிம்மர்களை ஒரே விளக்குக்கு இணைக்கக் கூடாது.

எல்லாம் மாற்றிய பிறகும் ஒரு பல்பு மட்டும் தனியாகத் துடித்தால், அதைப் பக்கத்து ஹோல்டருக்கு மாற்றிப் பாருங்கள். துடிப்பு பல்போடு கூடவே போனால் அந்தப் பல்பைத் திருப்பிக் கொடுங்கள். பழைய ஹோல்டரிலேயே நின்றால் அங்கே வயர் தளர்ந்திருக்கிறது. எம்சிபியை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.